நான் ஓட்டை அடைத்த ஜப்பான் கார்

பள்ளிமுனையில் பைபர் படகு திருத்துவது என் தொழில். கடலடிப் பாரில் உரசி வயிறு கிழிந்த படகும், கரையில் கிடந்து வெயிலில் வெடித்த படகும் என் கொட்டிலுக்குத்தான் வரும். அப்படிப்பட்ட கொட்டிலின் நடுவில் ஒரு கார், அதுவும் இரண்டே கதவு உள்ள பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், ஒரு வருடத்துக்கு மேல் நின்றது என்றால் ஊர் சும்மா இருக்குமா? கடலுக்குப் போகிறவர்கள் போகும்போது ஒரு சொல், வரும்போது ஒரு சொல் சொல்லாமல் தாண்ட மாட்டார்கள்.

"அண்ணை, எஞ்சினைப் பின்னால கொழுவப் போறியளோ?"

"நங்கூரம் வேணுமெண்டால் என்னட்டக் கிடக்கு, வந்து எடுங்கோ."

நான் சிரித்துக்கொண்டு பைபருக்கு ரெசின் பசை கலக்குவேன். வேறு என்ன செய்வது?

கார் என்னுடையது அல்ல. நோர்வேயில் இருக்கிற என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் தமையனுடையது. அவர் அங்கே போன புதிதில் வேலை செய்த இடத்து முதலாளி இதே மாதிரி ஒரு கார் வைத்திருந்தாராம். மச்சான் அதைக் கழுவுவாராம். ஓட்ட ஒருநாளும் கிடைக்கவில்லையாம். பிறகு வசதி வந்த காலத்தில், ஜப்பானில் பாவித்து முடித்துக் கொழும்புக்கு இறக்கின இந்தக் காரை யாரிடமோ வாங்கி, ஓர் உறவினரின் வளவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். பார்க்க ஆள் இல்லை. கடற்கரைப் பக்கத்து வளவு வேறு. உறவினர் வீட்டை விற்றபோது, வேறு போக்கிடம் இல்லாமல் அது எங்களிடம் வந்து சேர்ந்தது.

வந்த கோலத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நீண்ட மூக்கு. தாழ்ந்த கூரை. முன் விளக்குகள் இரண்டும் உடம்புக்குள் ஒளிந்திருக்கும், பொத்தானை அமத்தினால் எழும்பிப் பார்க்கும் வகை. ஆனால் தரைத் தகட்டைத் துருக் கறள் தின்றிருந்தது. ஆசனத்தைத் தூக்கினால் கீழே மணல் தெரிந்தது. கண்ணாடியில் ஜப்பான் எழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டப் போன என் கையை மனைவி பிடித்துக்கொண்டாள்.

"என்ன எழுதிக் கிடக்கோ தெரியாது. செபமாயும் இருக்கலாம். விடுங்கோ."

"எண்ணெய் மாத்தின திகதியாயும் இருக்கலாம்."

"அப்பவும் விடுங்கோ."

அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அதற்குக் கீழே அந்தோனியார் பதக்கம் ஒன்றை அவளே கட்டிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மச்சான் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மச்சான், அடுத்த வரியம் ஆவணித் திருவிழாவுக்கு வாறன். அதுக்கிடையில கார் தன்ர காலில மடு மாதா கோயிலுக்குப் போய்ச் சேருமெண்டால் அது உங்களுக்கு. உங்கட பேருக்கே மாத்தித் தாறன். போகாட்டி கொழும்பில ஒருத்தர் கேக்கிறார், அவருக்குக் குடுக்கப் போறன்."

"அவர் இதைத் திருத்துவாரோ?"

"இல்லை. அவரிட்டயும் இதே கார் ஒண்டு நிக்குது. உடம்பு திறம், எஞ்சின் இல்லை, லைட் இல்லை. இதில கழட்டி அதில பூட்டப் போறார்."

"மிச்சம்?"

"மிச்சம் இரும்புக்குத்தான், மச்சான்."

தேநீரை வைத்துவிட்டு எழும்பிக் காரடிக்குப் போனேன். ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது. நான் திருத்துகிற ஒவ்வொரு படகும் அடுத்தவனுடையது. மினுக்கி, சாயம் பூசி, பெயர் எழுதி, தண்ணீரில் தள்ளிவிட்டால் அது போய்விடும். அந்தக் காரைப் பார்க்கிறபோது, இதைத் திருத்தினால் இது என் வாசலிலேயே நிற்கும் என்று மனம் சொன்னது. உண்மையைச் சொன்னால் ஆசைதான். அன்று மாலை மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, வேறு நல்ல விண்ணப்பம் ஒன்றையும் முன்னால் வைக்காமல், "தாயே, இந்தக் கார் எனக்கு வேணும். இதை ஓட்டிக்கொண்டு உம்மட்ட வாறன்" என்று கேட்டேன். அவளும் தாய்தானே, பிள்ளை விளையாட்டுச் சாமான் கேட்கிறான் என்று சிரித்திருப்பாள்.

மனைவி முதலில், "ஆருக்கு வேணும்? இந்த முழங்காலை மடக்கிக்கொண்டு நான் உதுக்குள்ள இருக்கேலாது" என்றாள். பிறகு ஒருநாள் நான் வெளியே போய் வந்தபோது, ஆசனம் ஒன்றைக் கழற்றி முற்றத்தில் வைத்து அதில் சாய்ந்து அமர்ந்திருந்தாள்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. அளவு பாக்கிறன். இதுக்குத் துணி நான் தைப்பன்."

கோயிலுக்குப் பீடத் துணி தைக்கிறவள் அவள். கலியாண உடுப்பும் தைப்பாள். அவளுடைய தையல் மெசினில் அந்தத் தடித்த துணி ஏறாமல் ஊசி உடைந்து உடைந்து போனது. ஆனாலும் கடைசியில், பழுப்பு நிறத்தில் வெள்ளை நூல் ஓட்டி, ஜப்பான்காரன் கண்டாலும் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஆசனங்களைத் தைத்து முடித்தாள். கார் உடம்புக்கு என்ன நிறம் என்று நான் கேட்க முதலே, "மாதாவின்ர போர்வை நீலம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

இனி நானாவைப் பற்றிச் சொல்லவேண்டும். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். எருக்கலம்பிட்டியில் கராஜ் வைத்திருக்கிறார். என்னைவிட மூத்தவர். படகுகளுக்கு வேண்டிய இரும்பு வேலையெல்லாம் நான் அவரிடம்தான் கொடுப்பேன். வெல்டிங்கும் தெரியும், மோட்டார் வேலையும் தெரியும். காரைப் பார்க்க வந்தவர் குனிந்து, தரையை விரலால் குத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

"அல்லாஹ்வே! தம்பி, இது தகடில்ல, பப்படம். வெட்டி எறிஞ்சிட்டுப் புதுத் தகடு வச்சு ஒட்டுவம்."

"நானா, இரும்பை வைச்சால் உப்புக் காத்து திரும்பவும் தின்னும். நான் பைபர் போடுறன். நாங்கள் செத்தாலும் அது கிடக்கும்."

"காருக்கும் படகுக்கும் வித்தியாசம் இருக்கு தம்பி."

"என்ன வித்தியாசம்?"

அவர் தாடியைத் தடவினார்.

"இப்பச் சொல்லத் தெரியல்ல. ஆனா இருக்கு."

சொல்லத் தெரியாத வித்தியாசத்துக்கு நான் ஏன் அடங்கவேண்டும்? எஞ்சின் வேலை அவருக்கும் எனக்கும், உடம்பு வேலை எனக்குத் தனியே என்று பிரித்துக்கொண்டோம். கறளைச் சுரண்டி, பைபர் இழை மட் விரித்து, ரெசின் பூசி, கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடுகிற பெட்டி மாதிரியான பகுதியையும் தரையையும் படகின் அடி போல வார்த்து எடுத்தேன். அப்படிச் செய்துகொண்டு போகும்போது ஒன்றைக் கண்டேன். கதவுகளின் அடி விளிம்பிலும் அந்தப் பெட்டிகளின் அடியிலும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். சில கறளால் அடைபட்டிருந்தன, சில திறந்திருந்தன. கறள் தின்ற ஓட்டை என்றால் கோணல் மாணலாக இருக்கும். இவை வட்டமாக, ஒழுங்காக இருந்தன. ஜப்பான்காரன் ஏதோ ஆணி அடிக்க நினைத்து மறந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

எங்கள் ஊரில் ஓட்டை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீரில் போகிறவனுக்கு ஓட்டைதான் முதல் எதிரி. சுண்டுவிரல் அளவு ஓட்டைக்கு நாங்கள் படகைக் கரையில் கவிழ்த்துப் போடுவோம். ஆகவே நான் ஒவ்வோர் ஓட்டையாகத் தேடித் தேடி, உள்ளுக்கு விளக்கடித்துப் பார்த்து, ரெசின் வைத்து அடைத்து, அரத்தாள் போட்டுத் தேய்த்து, எது ஓட்டை எது உடம்பு என்று தெரியாத மாதிரி ஆக்கினேன். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்குப் போகாது, பார்."

"கடலிலயே விடப்போறியள்?" என்றாள்.

எஞ்சின் வேறு கதை. பிஸ்டன் இறுகிப்போய், அது சுற்றவே இல்லை. டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டு, நானாவும் நானும் மாறி மாறி ஒவ்வொரு நாளும் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்ப்போம். கடைசியில் ஒருநாள் அது 'ம்' என்று அசைந்தது. நானா என்னைக் கட்டிப்பிடித்ததில் என் சேட்டெல்லாம் எண்ணெய். அதன்பிறகு மச்சான் ஜப்பானிலிருந்து எடுப்பித்து அனுப்பின சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. பழையதைப் பழையபடி ஆக்குவது மட்டும் போதாது, மன்னார் வெயிலுக்கும் தெருவுக்கும் அது தாங்கவேண்டும். நெருப்புப் பொறி கொடுக்கிற பழைய முறையை எடுத்துவிட்டு மின்னணு முறை வைத்தோம். மெல்லிய ரேடியேற்றரைக் கழற்றிவிட்டு, இரட்டை விசிறியோடு தடித்தது ஒன்றைப் பூட்டினோம். அதே காரின் பிந்திய மாடலிலிருந்து ஐந்து கியர் பெட்டியும் பெரிய பிரேக் தட்டும் கிடைத்தன. எழும்புகிற விளக்குகளுக்குள் புது எல்.ஈ.டி. வைத்தோம். முதல்முறை பொத்தானை அமத்தியபோது ஒன்று மட்டும் எழும்பியது. செபமாலைக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா நின்று பார்த்து, "தம்பி, உம்மட கார் எனக்குக் கண்ணடிக்குது. கோயிலுக்குப் போற பொம்பிளையள் எண்டு சொல்லி வையும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எஞ்சின் பிடித்த நாள் என் வாழ்நாளில் மறக்க முடியாதது. நானா பிஸ்மில்லாஹ் சொன்னார், நான் சிலுவை அடையாளம் போட்டேன், மனைவி இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றாள். திறப்பைத் திருப்பினேன். இருமியது. நின்றது. திரும்பவும் திருப்பினேன். ஒரு உறுமல்! கொட்டிலின் தகரமெல்லாம் நடுங்கியது. வெளியே நிழலுக்குப் படுத்திருந்த கழுதைகள் எழும்பி ஓடின. கடற்கரையில் வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். நங்கூரம் தருவதாகச் சொன்னவனும் வந்தான். வந்து, காரின் மூக்கில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

தலைமன்னார்த் தெருவில் அதை ஓட்டிப் பார்த்த நாட்களை நினைத்தால் இப்போதும் கால் தானாகவே அமத்தும். சோளகக் காற்றில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். பனைகள் ஒரு பக்கம் ஓடும். ஐந்தாவது கியரில் போட்டால் கார் தரையோடு படிந்து, பாய் விரித்த வள்ளம் காற்று நேராகக் கிடைத்தால் போகுமே, அப்படிப் போகும். போய் வந்ததும் நானும் மனைவியும் வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். கடலால் வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவாமல் நாங்கள் வைப்பதில்லை. அந்தப் பழக்கம்தான்.

அப்படி இருக்கையில் ஒரு சத்தம் தொடங்கியது. பிரேக் அமத்தினால், 'சளக்' என்று எங்கேயோ ஒன்று முன்னுக்கு வரும். எடுத்தால் 'சளக்' என்று பின்னுக்குப் போகும். பெற்றோல் தாங்கிதான் என்று அதைக் கழற்றினேன். தாங்கி சுத்தமாக இருந்தது. பின் அச்சு என்று நானா அதைப் பிரித்தார். அதிலும் குற்றம் இல்லை. கார் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டு வந்தது. கதவை இழுத்தால் சோம்பேறி மாதிரித் திறந்தது. திருவிழா கிட்டிவிட்டது. மச்சானும் வந்திறங்கிவிட்டார்.

தனியே வரவில்லை. காரைக் கேட்ட கொழும்புக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். கார் என்றால் அவருக்கு உயிர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. என் கொட்டிலுக்குள் வந்தவர் செருப்பைக் கழற்றப் பார்த்தார்.

மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில், கொழும்புக்காரர் பின்னால் ஒடுங்கிக்கொண்டு இருக்க, மன்னார்ப் பாலம் வரை போனோம். எஞ்சினைக் கேட்டு மச்சானுக்குக் கண் கலங்கியது. "இதுதான் மச்சான், இந்தச் சத்தம்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சந்தியில் ஒரு கழுதை குறுக்கே வந்தது. பிரேக்கை அமத்தினார்.

சளக்.

மச்சான் என்னைப் பார்த்தார். "என்ன மச்சான், காருக்குள்ள கடலோ?"

வீட்டுக்கு வந்ததும் கொழும்புக்காரர் குனிந்து கதவின் கீழ்ப்பெட்டியை விரல் மடக்கித் தட்டினார். முகம் மாறிவிட்டது.

"அண்ணன், இது பைபரா? இந்தக் காருக்கு இந்தப் பெட்டிதான் முதுகெலும்பு. இதுல தகடு இல்லன்னா நடுவுல மடங்கிரும். மடு வரைக்கும் போகாது." கொஞ்சம் நின்று, மனம் வருந்தித்தான் சொன்னார்: "எஞ்சின் அருமையா செஞ்சிருக்கீங்க. நான் லொறி ஒண்டு பிடிச்சு உங்க பின்னாலயே வாறன். வழியில நின்னிட்டா அங்கயே ஏத்திருவோம். உங்களுக்கும் கஷ்டம் இல்ல."

அவர் சரியாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மச்சான் திறப்பை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்ல அவர். எனக்காகவும் மாற்ற மாட்டார்.

மறுநாள் காலை நான் பூசைக்குப் போய்வந்து வாசலில் அமர்ந்திருந்தேன். வேலைக்குக் கை ஓடவில்லை. மனைவி காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டிருந்தவள் நின்று, கதவை மேலே ஒருமுறை விரலால் தட்டினாள். கொஞ்சம் கீழே தட்டினாள். இன்னும் கீழே தட்டினாள். எங்கள் வீட்டு முற்றத்துத் தண்ணீர்ப் பரல் பீப்பாயை அவள் தினமும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பாள். மூடியைத் திறக்காமலே எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று சொல்லிவிடுவாள். இங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான்.

"இஞ்சாருங்கோ."

"என்ன?"

"கதவு அரைவாசிக்குத் தண்ணி நிக்குது."

நான் எழும்பிப் போய்த் தட்டினேன். மேலே 'டங்' என்றது, கீழே 'டொக்' என்றது. கீழ்ப்பெட்டியையும் தட்டினோம். அதுவும் நிறைந்துதான் இருந்தது. துளை போடுகிற மெசினை எடுத்து, நான் அடைத்த ஓட்டை ஒன்று எங்கே இருந்தது என்று தடவிக் கண்டுபிடித்து, குத்தினேன். குத்தின வேகத்தில் பழுப்புத் தண்ணீர் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. அடுத்ததைக் குத்தினேன். அதிலும் தண்ணீர். முற்றம் முழுவதும் ஓடியது. பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்து குடித்தன.

அப்போதுதான் நானாவும் வந்து சேர்ந்தார். பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார்.

"தம்பி! நீ கார் செய்யல்ல, கிணறு வெட்டியிருக்கிறாய்!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இப்பச் சொல்லுறன், வித்தியாசம் இதுதான். படகுக்குத் தண்ணி வெளியில நிக்கும். காருக்கு உள்ளுக்கு வரும். கழுவுற தண்ணி கண்ணாடி வழியா உள்ளுக்கு வரும், அது வெளிய போகத்தான் அந்த ஓட்டை."

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே நானா."

"முந்தி எனக்கும் தெரியாதே!"

வெட்கம் ஒரு பக்கம். ஆனால் இன்னொரு பக்கம் எனக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. சத்தம் என்னவென்று தெரிந்துவிட்டது. கனம் என்னவென்று தெரிந்துவிட்டது. தெரிந்த வருத்தத்துக்கு மருந்து இருக்கிறது. நான் என் பைபரை என் கையாலேயே வெட்டி எறியத் தொடங்கினேன். அத்தனை நாள் வேலை. ஒவ்வொரு துண்டும் விழும்போது நெஞ்சில் விழுந்தது. ஆனால் கை நிற்கவில்லை.

நானா தன் வெல்டிங் மெசினை என் கொட்டிலுக்கே கொண்டுவந்துவிட்டார். தடித்த தகட்டை மடித்து, பழைய அளவுக்குப் பெட்டி செய்து, அங்குலம் அங்குலமாக ஒட்டினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய், தொழுத கையோடு திரும்பி வந்தார். நான் ஞாயிறு முதல் பூசைக்குப் போய் அப்படியே வந்தேன். மச்சான் சும்மா நிற்க வெட்கப்பட்டு, "நான் என்ன செய்ய?" என்றார். தமையனுக்கு என் மனைவி சொன்னாள், "அண்ணை, அந்தத் தகட்டைப் பிடியுங்கோ. நோர்வேக் கை சுடாமப் பாத்துக்கொள்ளுங்கோ." பிடித்தார், சுட்டுக்கொண்டார், திரும்பவும் பிடித்தார். கொழும்புக்காரர்கூட ஒருநாள் முழுக்க எங்களோடு நின்று, அந்த ஓட்டைகள் எந்த இடத்தில் எந்த அளவில் இருக்கவேண்டும் என்று தன்னுடைய காரின் படத்தைத் தொலைபேசியில் பெரிதாக்கிக் காட்டினார். காரை எடுத்துப் போக வந்த மனிதர்! நான் ஒவ்வோர் ஓட்டையையும் என் கையாலேயே துளைத்தேன். ஓட்டை போட்டுச் சந்தோசப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

திருவிழாவுக்கு முதல்நாள் காலை புறப்பட்டோம். நான் ஓட்டினேன், பக்கத்தில் மனைவி, பின்னால் மச்சான். நானா கை காட்டி, "போயிட்டு வாங்க, நான் துஆச் செய்றன்" என்று வழியனுப்பினார். எங்களுக்குப் பின்னால் கொழும்புக்காரரின் வெறும் லொறி. அவர் முன் ஆசனத்தில் இருந்தது கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருந்தது.

பாலத்தைத் தாண்டும்போது பிரேக்கை வேண்டுமென்றே ஒருமுறை அமத்தினேன். சத்தம் இல்லை. மனைவி செபமாலையைத் தொடங்கினாள். முருங்கன் தாண்டி நீட்டுத் தெருவில் வெயில் தார் உருகக் கொளுத்தியது. வெப்பமானியின் முள் மெல்ல மேலே ஏறியது. காலைக் கொஞ்சம் எடுத்தேன். விசிறிகள் இரண்டும் சேர்ந்து சுழல, முள் நின்றது. நின்று, கீழே இறங்கியது. "அருள்நிறைந்த மரியே" என்று நான் சத்தமாகச் சொன்னதில் மச்சான் திடுக்கிட்டுவிட்டார்.

"மச்சான், தெருவைப் பாருங்கோ!"

"தெருவைப் பாத்துத்தான் சொல்லுறன்."

மடுச்சந்தியால் திரும்பிக் காட்டுத் தெருவில் நுழைந்தபோது, குண்டும் குழியுமான ஓர் இடம் வந்தது. கார் மடங்கும் என்றால் இங்கேதான் மடங்கவேண்டும். மெதுவாக இறக்கினேன், ஏற்றினேன். கதவு இரண்டும் அசையவில்லை. தாழ்ந்த கார்தான், ஆனால் மடங்காமல் நேராக ஏறியது. முன்னால் தெருவோரம் நடந்துபோகிற யாத்திரிகர்கள் விலகி, திரும்பிப் பார்த்து, கையசைத்தார்கள். ஓர் இளைஞர் கூட்டம் "ஓய்! ஓய்!" என்று கத்திக்கொண்டு கூடவே ஓடியது. மனைவி கண்ணாடியை இறக்கி, அரசி மாதிரிக் கை காட்டினாள். முழங்கால் நோவு என்று ஒரு சொல் சொல்லவில்லை.

கோயில் வளவுக்கு வெளியே மரங்களுக்குக் கீழே வாகனம் விடுகிற இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அணைத்த பிறகும் கை திறப்பை விடவில்லை. மச்சான் பின்னாலிருந்து என் தோளில் தட்டினார்.

"வந்திட்டம் மச்சான்."

"ஓம்."

"இனி இது உங்கட."

நான் இறங்கிப் போய், சனத்துக்குள் நின்று, தாயின் முகத்தைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்ததில் ஒன்றுகூட வரவில்லை. அழுகைதான் வந்தது. அவளுக்கு விளங்கியிருக்கும்.

திரும்பி வந்தபோது காரைச் சுற்றி ஒரு கூட்டம். கொழும்புக்காரர் லொறியிலிருந்து இறங்கி வந்து, நேராகக் கதவின் கீழ்ப்பெட்டியைக் குனிந்து தட்டிப் பார்த்தார். நிமிர்ந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"அண்ணன், நான் தோத்துப் போனேன். ஆனா சந்தோசமா தோத்துப் போனேன். எனக்கு எஞ்சின் வேற எங்கயாவது தேடிக்கிறன்." பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி, "அக்கா, என் காருக்கும் சீற் தைச்சுத் தருவீங்களா?" என்றார்.

"மெசினுக்கு ஊசி கொண்டு வாங்கோ. நிறையக் கொண்டு வாங்கோ," என்றாள் அவள்.

திருவிழா முடிந்து புறப்படுகிற நேரம், பஸ் எல்லாம் நிறைந்து வழிந்தது. எங்கள் பள்ளிமுனைச் சனம் பாயும் பானையும் பிள்ளைகளுமாகத் தெருவோரம் நின்றது. காரைக் கண்டதும், "அண்ணை, எங்களையும் ஏத்துங்கோ!" என்று சிரித்தார்கள். இரண்டு கதவுக் காரில் எத்தனை பேரை ஏற்றுவது? நான் கொழும்புக்காரரைப் பார்த்தேன். அவர் தன்னுடைய வெறும் லொறியைப் பார்த்தார். போய்ப் பின் பலகையை இறக்கிவிட்டார்.

என் காரை ஏற்றப் பிடித்த லொறியில் எங்கள் ஊர் ஏறியது. பாயை விரித்தார்கள், பானையை ஓரத்தில் வைத்தார்கள், முதிய ஒரு தாயைக் கதிரையோடு தூக்கி ஏற்றினார்கள். மாதா பாட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தப் பாட்டுச் சத்தம் பின்னால் வர வர, நான் முன்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு மன்னாருக்கு வந்தேன்.